நசீம் பானு தட்டிய ஒன்று

தர்மபுரியில் நசீம் பானுவுக்குப் பிடிக்காத ஆட்களை எண்ணத் தொடங்கினால் பொழுது போதாது. பிடித்தவர்களை எண்ணுவது சுலபம். ஒருவரும் கிடையாது. முப்பத்தோரு வயதில் ஒருத்தி ஊரையே இளக்காரமாகப் பார்க்க எங்கே கற்றாள் என்று அவளுடைய அம்மா அஸ்கரி பேகம் தலையில் அடித்துக்கொள்வாள். கற்றது தட்டச்சுப் பள்ளியில்தான். அங்கே ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்தாள். விரலைப் பார்க்காதே, தாளைப் பார் என்று ஆயிரம் தடவை சொன்னாலும் குனிந்து குனிந்து எழுத்துத் தேடுகிற கூட்டம். அதுகூடப் பரவாயில்லை, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பதற்கென்றே பீஸ் கட்டி வருகிற கூட்டம் ஒன்று. நசீம் பானு இங்கிலீஷிலும் தமிழிலும் ஹையர் பரீட்சை முடித்தவள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் என்ன மரியாதை வரும்?

பெண் பார்க்க வந்தவர்களும் தப்பவில்லை. கிருஷ்ணகிரி மாப்பிள்ளை ஒருவன், "டைப் அடிச்சு அடிச்சு வெரலு காப்புக் காய்ச்சிருக்குமே, காட்டுங்க பாப்போம்" என்றான். "உங்க மூளைய மொதல்ல காட்டுங்க, அது காய்ச்சிருக்கான்னு நான் பாக்கறேன்" என்றாள். அதோடு வரன் வருவது குறைந்துபோனது. அப்பா ஹயாத் பாஷா மெத்தை தைக்கிறவர். பஞ்சு அடிக்கிற சத்தத்தில் எதுவும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

எண்பத்தேழில் அவளுக்குப் புது வேலை கிடைத்தது. தொப்பூர் கணவாயில் வாரத்துக்கு ஒரு லாரியாவது கவிழும். அடிபட்டவர்களுக்கு ரத்தம் தேடி உறவுக்காரர்கள் தெருத்தெருவாக அலைவார்கள். அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று லாரிக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு ரத்ததான சங்கம் தொடங்கினார்கள். யாருக்கு என்ன ரத்தம், எந்த ஊர் என்று பட்டியல் வைத்துக்கொண்டு, கேட்டவுடனே ஆளைக் காட்டுவதுதான் சங்கத்தின் வேலை. தலைவர் டயர் கடை அப்துல் சுபான் பாய். நல்ல மனுஷன் என்று ஊரில் பேர். நசீம் பானுவின் அகராதியில் நல்ல மனுஷன் என்றால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர் என்று பொருள். பட்டியலுக்கு ஒரு தடித்த நோட்டு போதும். யாரோ பெங்களூரில் பார்த்துவிட்டு வந்து சொல்ல, பாய் கம்ப்யூட்டர் வாங்கினார்.

கம்ப்யூட்டரோடு ராஜப்பனும் வந்து சேர்ந்தான். பெங்களூரில் ஆறு மாதம் கோர்ஸ் படித்தவன். சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு டயர் கடை மாடி ஏறுவான். மாடியில் கம்ப்யூட்டருக்குத் தனி அறை, கம்ப்யூட்டருக்கு ஏர்கூலர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரத்தம் கேட்டு வருகிறவர்கள் வெளியே வராந்தாவில் வேகவேண்டியதுதான். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். ராஜப்பன் அந்த ஜன்னல் பக்கம் திரும்பியதே இல்லை. மனிதர்களோடு பேசுவதற்காக நசீம் பானுவை வைத்துக்கொண்டார்கள். அதைவிடப் பொருத்தமில்லாத ஆள் மாவட்டத்திலேயே கிடைத்திருக்காது.

ராஜப்பன் எழுதிய புரோகிராமின் லட்சணம் இது. பச்சைத் திரையில் ஒரு கேள்வி வரும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பக்கத்தில் கண் சிமிட்டுகிற ஒரு கோடு. பதிலைத் தட்டினால் அடுத்த கேள்வி. தட்டாவிட்டால் அது அப்படியே சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டினால், முதலிலிருந்து செய் என்று இங்கிலீஷில் அதட்டிவிட்டு மறுபடி சிமிட்டும். ஐம்பது பேர் விவரம் முழுசாக உள்ளே போன பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து பிளாப்பியில் எழுதிக்கொள்ளும். நாற்பத்தொன்பதாவது ஆளில் நிறுத்திவிட்டு எழுந்தால் நாற்பத்தெட்டும் போச்சு. இத்தனை பணம் கொட்டி வாங்கிய மெஷின், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் குழந்தை மாதிரி அடம்பிடிக்கிறதே என்று நசீம் பானுவுக்கு முதல் நாளே அதன்மீது இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது.

பட்டியலுக்காக ஊர் ஊராக முகாம் போட்டார்கள். நல்லம்பள்ளி, பென்னாகரம், வத்தல்மலை அடிவாரம் என்று சுற்றினார்கள். ஆளுக்கொரு சீட்டு. பேர், தகப்பன் பேர், ஊர், வயது, ரத்த வகை. முதல் இரண்டு முகாமில் ஒரு டாக்டர் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்து, ரத்த வகையைச் சிவப்பு மையில் எழுதினார். மூன்றாவது முகாமில் சோதிக்கிற மருந்து தீர்ந்துவிட்டது. டாக்டரும் வரவில்லை. ஆனால் சுபான் பாய் சொல்லிவிட்டாரே என்று ஆட்கள் வரிசையில் நின்று சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரத்த வகை என்ற இடம் மட்டும் காலி.

சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்துத் தட்ட உட்கார்ந்தவளுக்கு மூன்றாவது கட்டிலேயே வந்தது தொல்லை. பதினேழாவது சீட்டு. ரத்த வகை, ஒன்றிலிருந்து எட்டு வரை, கேள்விக்குறி. எண் எதுவும் போடாமல் சும்மா தட்டிப் பார்த்தாள். பீப் என்று கத்திவிட்டு அதே கேள்வி. ஒன்பது என்று தட்டினாள். பீப். ராஜப்பனைக் கூப்பிட்டாள்.

"சார், இந்த ஆளுக்கு என்ன குரூப்புன்னு தெரியலீங்க. தெரியாதுன்னு போட ஒரு நம்பர் வெச்சுக் குடுங்க."

ராஜப்பன் சிரித்தான். "மேடம், தெரியாதுன்னு ஒரு பிளட் குரூப் உலகத்துல இல்லீங்க. ஒடம்புல ரத்தம் இருந்தா குரூப்பு இருந்துதான் ஆவணும். கம்ப்யூட்டர் லாஜிக்கா கேக்குது. நாமதான் லாஜிக்கா பதில் சொல்லணும்."

"ஆளுக்கே தெரியாதத நான் எங்கிருந்துங்க சொல்றது?"

"யூசர் கரெக்டா குடுத்தா மெஷின் கரெக்டா வாங்கிக்கும். குத்துமதிப்பா இருக்கறவங்களுக்கு கம்ப்யூட்டர் இல்லீங்க மேடம்."

அவள் அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். காலிச் சீட்டு அத்தனையையும் கட்டிச் சுபான் பாய் முன்னால் போட்டு, இதையெல்லாம் சோதிக்காமல் உள்ளே ஏற்ற முடியாது என்று சொல்லியிருக்கலாம். பாய் தலையாட்டியிருப்பார். ஆனால் அதற்கு இந்தக் காரியத்தை ஒரு காரியமாக மதித்திருக்க வேண்டும். அவள் மதிக்கவில்லை. டை கட்டிய ஒரு மடையன், அவன் பெற்ற ஒரு மடமெஷின், இதற்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதானே? இந்தா வாங்கிக்கொள் என்று ஒன்றைத் தட்டினாள். மெஷின் பீப் என்று கத்தாமல் சமர்த்தாக வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளின் பேர் என்ன என்று கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் காலிச் சீட்டு வந்த இடத்திலெல்லாம் ஒன்று.

ஒன்று என்றால் ஓ நெகட்டிவ். அரிதானது மேலே இருக்கட்டும் என்று ராஜப்பன் அதை முதலில் வைத்திருந்தான்.

எல்லாம் ஏறி முடிந்தது. திறப்பு விழாவில் ராஜப்பன் ஒரு பட்டனைத் தட்ட, மெஷின் கணக்குக் காட்டியது. சுபான் பாய் மைக்கைப் பிடித்து, "நம்ம மாவட்டத்துல ஓ நெகட்டிவ் மட்டும் அறுவத்திரெண்டு பேருங்க! பெங்களூர்லகூட இத்தினி பேரு கெடைக்க மாட்டாங்களாம்!" என்றார். கைத்தட்டல். மேடையில் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்காவது, தொள்ளாயிரம் பேரில் அறுபத்திரண்டு பேருக்கு அது எப்படி இருக்கும் என்று தோன்றவில்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதே! பின்வரிசையில் நின்ற நசீம் பானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தாள். "யா அல்லா, யாருக்காவது நெசமாலுமே வேணும்னு வந்தா?" என்று கேட்டாள் அஸ்கரி பேகம். "வந்தா ஆஸ்பத்திரில சோதிக்காமயா ஏத்துவாங்க? ஒருத்தரும் சாவ மாட்டாங்க" என்றாள் மகள்.

அது உண்மைதான். சோதிக்காமல் யாரும் ஏற்றமாட்டார்கள்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்களெல்லாம் சாதாரண வகை கேட்டு வந்தார்கள், அவை சரியாகவே இருந்தன. ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் மாடிப்படி ஏறி ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சேலையெல்லாம் மாவும் ரத்தமும். பேர் சாலம்மாள். அவளும் அவளுடைய அம்மா தீர்த்தம்மாளும் தொப்பூர் சாலையோரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று கடைக்குள் வந்து நின்றது. தீர்த்தம்மாளின் வலது கால் சக்கரத்துக்கு அடியில்.

"ரத்தம் ரொம்ப வீணாப் போச்சாமுங்க. ஒரு பாட்டிலாச்சும் ஏத்துனாத்தான் சேலத்துக்குக் கொண்டுபோவ முடியுமாம். மூணு மணிக்குள்ள சேலம் போனா காலு பொழைச்சிரும்ங்கறாரு டாக்டரு. இல்லீன்னா எடுக்கறதுதானாம்." டாக்டர் எழுதிய துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

நசீம் பானு காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஓ நெகட்டிவ். இன்னொரு தடவை பார்த்தாள். அதேதான்.

உள்ளே ராஜப்பனுக்கு வாய் காதுவரை போனது. எட்டு மாதம் காத்திருந்த நாள் அல்லவா? மெஷின் தன் கேள்விகளைத் தொடங்கியது. நோயாளி பேர்? தகப்பன் அல்லது கணவன் பேர்? ஊர்? வயது? ஒவ்வொன்றையும் நசீம் பானு ஜன்னலில் கேட்டு, சாலம்மாளின் பதிலை உள்ளே கொண்டுவந்து சொன்னாள்.

"எங்கம்மாளுக்கு வயசு எத்தினின்னு எனக்குத் தெரியாதுங்களே" என்று அழுதாள் சாலம்மாள்.

"வயசு இல்லாம மேல போவாது" என்றான் ராஜப்பன் உள்ளிருந்து, திரும்பாமல்.

"நாப்பத்தஞ்சு" என்றாள் நசீம் பானு. மெஷின் வாங்கிக்கொண்டது.

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று அறுபத்திரண்டு பேரையும் நீட்டமாக அச்சடித்துத் தள்ளியது. ராஜப்பன் தாளைக் கிழித்து ஜன்னல் வழியே, முதல்முறையாகத் தானே, நீட்டினான். சாலம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தாளின் நீளம் தெரிந்தது. "இத்தினி பேரா!" என்று அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நசீம் பானு வாயைத் திறந்தாள். ராஜப்பன் டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாத்தீங்களா மேடம், சிஸ்டம்னா என்னான்னு?" என்றான். அவளுடைய வாய் மூடிக்கொண்டது. இவன் முன்னாலா? இந்த மடையன் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்றா? அறுபத்திரண்டு பேரில் ஒருவனுக்காவது தானாகவே பொருந்தாதா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். டாக்டர் சோதித்து நிஜமாகவே எழுதின ஓரிரண்டு பேரும் அந்தப் பட்டியலில்தானே இருப்பார்கள், முதலில் அவர்களே அகப்பட்டாலும் அகப்படலாம் என்று நினைத்துக்கொண்டாள். நிஜம் எது, தான் தட்டியது எது என்று தாளைப் பார்த்து அவளாலேயே சொல்ல முடியாது. எல்லாமே ஒன்று.

சுபான் பாயின் ஜீப் நல்லம்பள்ளிப் பக்கம் பறந்தது. வயலில் நின்றவர்களையும் டீக்கடையில் நின்றவர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பதினான்கு பேர். பாவம், ஒருவனும் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகக் குத்திப் பார்த்தார்கள். ஒருவரும் ஓ நெகட்டிவ் இல்லை. ஒரு மணிக்குப் பாய் வியர்த்து வழிய மாடி ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் சாலம்மாள் வந்து வராந்தாவிலேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி டெஸ்டு தப்பா இருக்கும் பாய்" என்றான் ராஜப்பன். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது."

"பதினாலு டெஸ்டுமா தப்பு?" என்றார் பாய்.

"அந்த லிஸ்டு பொய்ங்க பாய்" என்றாள் நசீம் பானு. "குரூப்பு தெரியாதவங்களுக்கெல்லாம் நான்தான் ஒண்ணு போட்டேன்."

பாய்க்குப் புரிய நேரமாயிற்று. ராஜப்பனுக்குப் புரியவே இல்லை. "மேடம் டென்ஷன்ல பேசறாங்க. அப்டியெல்லாம் தப்பா எண்ட்ரி பண்ணா என் புரோகிராம் ஒத்துக்காதுங்க. வேலிடேஷன் வெச்சிருக்கேன்" என்றான். ஒருத்தி தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டால்கூட நம்பாத அளவுக்கு அவனுக்குத் தன் புரோகிராம்மீது பக்தி. அவனோடு பேசி ஆகாது என்று அவள் பாயைப் பார்த்தாள். "சீட்டு மூட்டை எங்கீங்க?"

சீட்டுகள் கீழே டயர் குடோனில் ஒரு சாக்கில் கிடந்தன. ராஜப்பன் அவற்றை எரிக்கச் சொல்லியிருந்தான். நல்லவேளை, பாய் அந்த ஒரு விஷயத்துக்குத் தலையாட்டிவிட்டு மறந்துபோயிருந்தார். நசீம் பானு சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். தொள்ளாயிரம் சீட்டு, முன்பின் இல்லாமல். சாலம்மாள் பின்னாலேயே வந்து குந்தினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. என்னாத்தத் தேடணும்?"

"செவப்பு மை. செவப்பு மையில வட்டமா ஓ போட்டிருக்கறத மட்டும் எடுத்து எங்கிட்ட குடு."

இரண்டு பேரும் டயர் நாற்றத்தில் உட்கார்ந்து தேடினார்கள். சாலம்மாளின் கை மளமளவென்று ஓடியது. அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கை. நசீம் பானு அவள் கொடுத்ததை வாங்கி வாங்கிப் படித்தாள். பாதியில் சாலம்மாள் நிமிராமலேயே கேட்டாள்.

"காலையில நான் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

சாலம்மாள் அடுத்த சீட்டை எடுத்து நீட்டினாள். சீட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இரண்டேகால் மணிக்கு எல்லாம் முடிந்தபோது, சிவப்பு மையில் ஓ நெகட்டிவ் என்று இருந்தவை இரண்டே இரண்டு. ஒருவன் வேலைக்குத் துபாய் போய்விட்டதாகப் பாய் சொன்னார். மற்றவர் சவுரியப்பன், கொத்தனார், ஊர் நல்லம்பள்ளி. காலையில் ஜீப் பதினான்கு பேரை ஏற்றிய அதே ஊர், பட்டியலில் அவர் பேர் முப்பத்தொன்பதாவது, ஜீப் மேலே இருந்த பேர்களோடு திரும்பிவிட்டது. வேலை நடந்த இடத்திலிருந்து, கையில் ஒட்டிய சிமெண்டோடு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றரை மணிக்கு ரத்தம் ஏறியது. தீர்த்தம்மாள் பிழைத்துக்கொண்டாள். கால் போய்விட்டது. சேலத்துக்குக் கொண்டுபோகிற நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லி, சாயங்காலம் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சங்கம் என்ன செய்தது? கூட்டம் போட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றிய கம்ப்யூட்டருக்கும் ராஜப்பனுக்கும் பாராட்டு. நசீம் பானுவுக்கும் ஒரு சால்வை, மூட்டையைத் தேடி ஆளைக் கண்டுபிடித்ததற்காக. நடந்ததையெல்லாம் அறிந்த பாய்தான் அந்தச் சால்வையைப் போர்த்தினார். ஊர் முன்னால் சங்கத்தின் பேர் கெடக்கூடாதாம். இதைவிட அசிங்கமாக ஒரு மனுஷியைத் திட்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. போர்த்தியவர்களைப் பார்த்தால் அருவருப்பாக இருந்தது, போர்த்திக்கொண்டு நின்ற தன்னைப் பார்த்தால் அதைவிட. வீட்டுக்குப் போனதும் சால்வையை அப்பாவின் பஞ்சு மூட்டைக்கு அடியில் திணித்தாள். மறுநாளே வேலையை விட்டாள்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீர்த்தம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டையான, கறுத்த உடம்பு. புடைத்த முழங்கைகள். பக்கத்தில் சாலம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நசீம் பானுவைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"நீதானா கண்ணு அது? வா, வந்து உக்காரு" என்றாள் தீர்த்தம்மாள். "மூட்டையக் கொட்டித் தேடி அந்தக் கொத்தனாரக் கண்டுபுடிச்சியாமே. நர்சம்மா சொன்னா. நீ நல்லா இருக்கணும். உனக்கு ஒரு வாய் இட்லி போட்டுக் குடுக்கக்கூட இப்ப முடியலியே."

மகள் சொல்லியிருக்கவில்லை. எட்டு நாளும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். எதற்கு என்று நசீம் பானுவுக்குத் தெரியவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் எவ்வளவு கெட்டவளாக இருந்தாலும் அவ்வளவு மட்டமானவள் இல்லை. உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காலிச் சீட்டு, ஒன்று, விழாவில் சிரித்தது, காலை பத்தரை மணி.

தீர்த்தம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அப்பவே சொல்லியிருந்தா அந்தக் கொத்தனாரு எத்தினி மணிக்கு வந்திருப்பாரு?" என்றாள்.

"ஒரு மணிக்குள்ள."

"அந்த ரெண்டரை மணி நேரமும் ஏன் சும்மா இருந்த?"

"அந்த ராஜப்பன் முன்னாடி என் தப்ப ஒத்துக்க மனசு வரலீங்க. அவன் ஒரு முட்டாளுங்க. ஒண்ணுமே தெரியாத முட்டாளு."

தீர்த்தம்மாள் போர்வையைக் கால் இல்லாத பக்கம் இழுத்துச் சரிசெய்தாள்.

"அவன் முட்டாளு. செரி, இருந்துட்டுப் போறான்" என்றாள். "நீ வெவரமானவதானே?"

நசீம் பானு என்றைக்கும் யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தாள். தீர்த்தம்மாளும் அவசரப்படவில்லை, அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாலு, இவங்களுக்கு வூட்டுக்குப் போவ நேரமாவுது பாரு. கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி வுட்டுட்டு வா."